எஃகுச் சட்டகக் கட்டடங்களில் உகப்பாக்கம்: எங்கே குறைப்பது, எங்கே விட்டுவைப்பது

1. சிக்கல்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொய்னிஹனும் ஆல்வுட்டும் பிரிட்டனில் 23 எஃகுச் சட்டகக் கட்டடங்களின் வடிவமைப்புக் கணக்குகளை வாங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உத்திரங்களைச் சோதித்து 2014இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். விதிநூல் அனுமதிக்கும் தாங்குதிறனில் சராசரியாகப் பாதிகூடப் பயன்படவில்லை என்பது அவர்களின் முடிவு. பாதுகாப்புக் காரணிகளையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சி நின்ற எஃகு அது. இரும்புத்தாதிலிருந்து ஊதுலை வழியாக ஒரு டன் எஃகு எடுக்கும்போது ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே இந்த மிச்சம் பணக்கணக்கோடு முடிந்துவிடுவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது. 1978 ஜனவரி 18 விடியற்காலையில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர உள்ளரங்கின் கூரை பனிப்பாரத்தில் சரிந்து தரையில் விழுந்தது. முந்தைய இரவு ஆயிரக்கணக்கானோர் அதே கூரையின்கீழ் கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். விழுந்தபோது உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. சுமார் 91 மீட்டருக்கு 110 மீட்டர் பரப்புள்ள அந்த முப்பரிமாணச் சட்டகக் கூரைக்கு, அப்போது புதிதாக வந்திருந்த கணினிப் பகுப்பாய்வைக் கொண்டு எஃகைக் குறைத்திருந்தார்கள். சிக்கனத்துக்கு முன்மாதிரியாகவே அது கருதப்பட்டது.

ஓரிடத்தில் பாதி எஃகு சும்மா கிடக்கிறது. மற்றோரிடத்தில் குறைத்த எஃகு கூரையையே வீழ்த்துகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் கருத்தே இக்கட்டுரையின் வாதம்: விரயம் பெரும்பாலும் வளைந்து பாரம் தாங்கும் உறுப்புகளில், அதாவது தளஉத்திரங்களில், இருக்கிறது, ஆபத்து பெரும்பாலும் அமுக்கத்தில் நிற்கும் மெல்லிய உறுப்புகளிலும் இணைப்புகளிலும் இருக்கிறது. எல்லா உறுப்புகளையும் ஒரே கண்ணால் பார்த்துக் குறைக்கும் உகப்பாக்கம் இரண்டு தவறையும் சேர்த்தே செய்துவிடும்.

2. இலக்கு: எடையா, செலவா

உகப்பாக்கச் சிக்கல் எதற்கும் மூன்று பகுதிகள் உண்டு. குறைக்க வேண்டிய அளவு, அதாவது இலக்குச் சார்பு; நாம் மாற்றக்கூடிய மாறிகள்; மீறக்கூடாத கட்டுப்பாடுகள். கல்விசார் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை எடையையே இலக்காக வைக்கின்றன. எடையைக் கணக்கிடுவது எளிது. ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ என்பது எந்த ஊரிலும் மாறாது. செலவோ ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஆனால் கட்டுபவர் கொடுப்பது எடைக்கான விலை மட்டும் இல்லை. வெட்டுதல், துளையிடுதல், வெல்டிங், பெயின்ட், தீத்தடுப்புப் பூச்சு, லாரி, கிரேன், போல்ட் முறுக்கும் ஆட்கூலி என எல்லாம் அதன்மேல் ஏறும். கூலி உயர்ந்த நாடுகளில் இவை சேர்ந்து மூல எஃகின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் அங்கே தூணின் தகட்டை மெல்லியதாக்கி, வலுவூட்டும் பட்டைகளை வெல்டிங் செய்து சேர்ப்பதைவிட, கொஞ்சம் கனமான தூணையே போட்டுவிடுவது மலிவு. பிரிட்டிஷ் உத்திரங்களில் கண்ட பாதித் திறனுக்கும் ஒரு பகுதி விளக்கம் இதில் இருக்கிறது. ஒரு தளத்தில் இருபது வகை உத்திரம் வருவதற்குப் பதில் நான்கு வகை வைத்தால் வரைபடமும் ஆர்டரும் பொருத்துதலும் எளிதாகின்றன. ஒரு கூட்டத்தில் மிக அதிகப் பளு தாங்கும் உத்திரத்துக்கு வேண்டிய அளவையே மற்ற உத்திரங்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் நிலை வேறு. இங்கே கூலியின் பங்கு குறைவு, எஃகு விலையின் பங்கு அதிகம். ஆகவே வகைகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலும் நமக்குக் கட்டுப்படியாகும். மேலைநாட்டுக் கையேடுகள் சொல்லும் 'வகைகளைக் குறை' என்ற அறிவுரையை அப்படியே பின்பற்றுவது நம் சூழலுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

3. வடிவம்

உறுப்புகளின் அளவை எவ்வளவு நுட்பமாகத் திருத்தினாலும், தவறான வடிவத்தில் அது கொடுக்கும் பயன் சொற்பம். மெல்போர்னைச் சேர்ந்த பொறியாளர் மிச்செல் 1904இலேயே இதற்குக் கணித அடிப்படை தந்தார். பளுவும் தாங்கும் இடங்களும் கொடுக்கப்பட்டால், எந்தச் சட்டகமும் அதற்குக் கீழே போக முடியாத ஒரு குறைந்தபட்சப் பொருளளவு உண்டு என்று அவர் காட்டினார். அந்த எல்லையைத் தொடும் சட்டகத்தில் இழுவை உறுப்புகளும் அமுக்க உறுப்புகளும் செங்கோணத்தில் சந்திக்கும். அவர் கண்ட சட்டகங்கள் பலவற்றில் எண்ணற்ற மெல்லிய உறுப்புகள் வருவதால் அவற்றை அப்படியே கட்ட முடியாது. அமுக்க உறுப்புகள் பக்கவாட்டில் நெளிந்து ஒடிவதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் ஒரு வடிவம் நல்லதா என்று அளக்க அளவுகோலாக அது இன்றும் பயன்படுகிறது.

உயர்ந்த கட்டடங்களில் இந்தச் சிந்தனையைக் கட்டுமானமாக்கிக் காட்டியவர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்து, சிகாகோவில் பணியாற்றி, 1982இல் மறைந்தார். உயரத்துக்காகக் கட்டடம் செலுத்தும் கூடுதல் விலை என்ற கேள்வியை அவர் முன்வைத்தார். தளங்களின் பாரத்தைத் தாங்கும் எஃகு எப்படியும் வேண்டும். காற்றை எதிர்க்கச் சேரும் எஃகுதான் கூடுதல் விலை. சீரான காற்றழுத்தத்தில், தரையில் ஊன்றிய கம்பமாக நிற்கும் கட்டடத்தின் அடிப்பகுதியில் எழும் திருப்புமை உயரத்தின் வர்க்கமாகவும், உச்சியின் சாய்வு உயரத்தின் நான்காம் அடுக்காகவும் ஏறும். உயரம் இரட்டித்தால் சாய்வு பதினாறு மடங்கு. உட்புறத் தூண்களும் உத்திரங்களும் விறைப்பான மூட்டுகளால் மட்டும் இதைச் சமாளிக்க முயன்றால் எஃகு கட்டுக்கடங்காமல் போகும்.

காற்றை எதிர்க்கும் எஃகைக் கட்டடத்தின் வெளிவிளிம்புக்குக் கொண்டுபோய், முழுக் கட்டடத்தையும் ஒரே குழாயாக வேலைசெய்ய வைத்தது கானின் தீர்வு. நெருக்கமான வெளித்தூண்களையும் உத்திரங்களையும் கொண்ட குழாயில் ஒரு குறை உண்டு. உத்திரங்கள் வளைந்துகொடுப்பதால் மூலைத்தூண்கள் அதிகமாகவும் நடுத்தூண்கள் குறைவாகவும் பாரம் ஏற்கின்றன. சிகாகோவின் ஜான் ஹான்காக் கட்டடத்தில் முகப்பு முழுவதையும் குறுக்கே கடக்கும் மாபெரும் மூலைவிட்டங்களை வைத்து அவர் இதைத் தீர்த்தார். 1969இல் முடிந்த அந்த 344 மீட்டர், 100 மாடிக் கட்டடத்துக்குத் தளப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 145 கிலோ எஃகுதான் தேவைப்பட்டது. 1931இல் கட்டிய 381 மீட்டர் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஏறத்தாழ 206 கிலோ ஆகியிருந்தது. பின்னர் வந்த 442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்தில், ஒவ்வொன்றும் 22.9 மீட்டர் சதுரமான ஒன்பது குழாய்களை ஒன்றாகக் கட்டி, உட்சுவர்ச் சட்டங்களால் நடுத்தூண்களையும் வேலைசெய்ய வைத்தார். அங்கே சதுர மீட்டருக்கு 161 கிலோ.

இந்த ஒப்பீட்டை நேர்மையாகப் படிக்க வேண்டும். இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் எஃகின் வலிமை கூடியது, சுவர்கள் இலேசாயின, ரிவெட் போய் வெல்டிங் வந்தது. சேமிப்பு முழுவதும் வடிவத்தால் வந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் எம்பயர் ஸ்டேட்டைவிட அறுபது மீட்டர் கூடுதல் உயரமுள்ள சியர்ஸ் கோபுரத்தில் எஃகு குறைந்தது என்பதை வடிவத்தை விட்டுவிட்டு விளக்கவும் முடியாது. உறுப்பின் அளவை மட்டும் திருத்தும் எந்த மென்பொருளும், தானாக ஒரு மூலைவிட்டத்தை யோசித்து முகப்பில் போட்டிருக்காது.

4. தளஉத்திரம்: வலிமைக்கும் விறைப்புக்கும் நடுவே

பல மாடிக் கட்டடத்தில் எஃகின் பெரும்பங்கு தளங்களில் போகிறது. ஆகவே ஒரு தளஉத்திரத்தை முழுதாகக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

நீளம் 12 மீட்டர். இரு முனையிலும் எளிய தாங்கல். உத்திரங்களின் இடைவெளி 3 மீட்டர். தன்னெடை உட்பட நிலைப்பளு சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன், பயன்பாட்டுப் பளுவும் 4 கிலோநியூட்டன். கான்கிரீட் தளம் மேல்பட்டையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறது. இந்திய எஃகுக் கட்டமைப்பு விதிநூலான ஐ.எஸ். 800:2007 சொல்லும் 1.5 காரணியோடு உத்திரத்தின்மேல் மீட்டருக்கு 36 கிலோநியூட்டன் வரும். நடுவில் வளைவுத் திருப்புமை 648 கிலோநியூட்டன் மீட்டர். இ250 தர எஃகில் 2,851 கன செ.மீ. நெகிழ்நிலைக் குணகம் தேவை. சந்தையில் கிடைக்கும் I வடிவ உத்திரங்களில், 550 மி.மீ. ஆழமுள்ள ஐ.எஸ்.எம்.பி. 550 போதாது; மீட்டருக்கு 122.6 கிலோ எடையுள்ள 600 வேண்டும். வலிமை கூடிய இ350 தரத்துக்கு மாறினால் தேவை 2,037 ஆகக் குறைகிறது, 86.9 கிலோ எடையுள்ள 500 போதும். எடையில் 29 சதவீதம் சேமிப்பு. பலருடைய கணக்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

தொய்வைப் பார்த்தால் படம் மாறும். எஃகின் தரம் எதுவானாலும் மீட்சிக் குணகம் ஒன்றுதான், சதுர மி.மீ.க்கு இரண்டு லட்சம் நியூட்டன். வலிமை கூடுகிறது, விறைப்பு கூடுவதில்லை. ஐ.எஸ்.எம்.பி. 500 பயன்பாட்டுப் பளுவில் 35.8 மி.மீ. தொய்யும். விரிசல் விடக்கூடிய பூச்சோ தடுப்போ உள்ள தளத்துக்கு எல்லை, நீளத்தில் 360இல் ஒரு பங்கு, அதாவது 33.3 மி.மீ. எல்லை மீறுகிறது. மீட்டருக்கு 103.7 கிலோ எடையுள்ள 550க்கு ஏற வேண்டும். தொய்வு 25 மி.மீ. ஆகும். சேமிப்பு 29 சதவீதத்திலிருந்து 15க்கு இறங்கிவிட்டது.

அதிர்வு இன்னும் பாக்கி. நிலைப்பளுவில் ஏற்படும் தொய்வை மி.மீ.இல் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 18ஐ வகுத்தால் உத்திரத்தின் இயல்பதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். இங்கே அது 3.6 ஹெர்ட்ஸ். மனிதர் நடப்பது நொடிக்கு இரண்டு காலடி அளவில். அதன் இரட்டை மடங்குக்கு மிக அருகில் இந்தத் தளம் இருக்கிறது. நான்கு ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதே என்பது பொறியாளர்களிடையே நீண்டகால வழக்கம். ஒருவர் நடந்துபோனால் மேசையில் இருக்கும் தண்ணீர் ஆடுகிற அலுவலகங்கள் இப்படித்தான் உருவாகின்றன. விதிநூலின் வலிமைச் சோதனை எல்லாவற்றிலும் அவை தேறியிருக்கும்.

இந்த இடத்தில் கனமான உத்திரம் போடுவதைவிட நல்ல வழி, உத்திரத்தின் மேல்பட்டையில் ஸ்டட் எனப்படும் முளைகளை வெல்டிங் செய்து, மேலிருக்கும் கான்கிரீட்டையும் உத்திரத்தின் பகுதியாக்கிவிடுவது. இந்தக் கூட்டுச் செயலால் விறைப்பு இரண்டு முதல் மூன்று மடங்காவது வழக்கம். இரண்டு மடங்கு என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், 86.9 கிலோ உத்திரத்தின் தொய்வு 17.9 மி.மீ.க்கும், அதிர்வெண் 4.3 ஹெர்ட்ஸுக்கும் வந்துவிடும். கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையேல் உத்திரத்துக்கு முன்கூட்டியே மேல்நோக்கிய வளைவு கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அங்கே படுத்திருக்கும் கான்கிரீட்டுக்கு ஒரு வேலை கொடுத்ததால் கிடைத்த சேமிப்பு இது.

முனைகளை விறைப்பாகப் பிணைப்பது இன்னொரு வழி. கேம்பிரிட்ஜில் ஜான் பேக்கரும் அவர் குழுவினரும் வளர்த்த நெகிழ்நிலைக் கோட்பாடு இதற்கு உதவுகிறது. இருமுனையும் பிணைத்த உத்திரத்தின் முனைகளில், மீட்சிநிலைக் கணக்குப்படி, பளுவையும் நீளத்தின் வர்க்கத்தையும் பெருக்கி 12ஆல் வகுத்த திருப்புமை வரும்; முனைகள் நெகிழ்ந்து நடுப்பகுதிக்குப் பாரத்தைப் பகிர்ந்தபின் தேவைப்படுவது 16ஆல் வகுத்தது. கால்பங்கு மிச்சம். ஆனால் அந்தப் பிணைப்புக்கான வெல்டிங் செலவையும், அது தூணில் ஏற்றும் திருப்புமையையும் கூட்டிப் பார்த்த பிறகே இதை எடுக்க வேண்டும்.

5. பக்கச்சாய்வும் எஃகைப் பங்கிடுதலும்

உயரம் கூடக்கூட வடிவமைப்பை ஆள்வது வலிமையிலிருந்து சாய்வுக்கு மாறுகிறது. மொத்த உயரத்தில் 500இல் ஒரு பங்கு என்பது உடையக்கூடிய சுவரமைப்புள்ள கட்டடத்துக்கு நம் விதிநூல் வைக்கும் எல்லை. எல்லை மீறினால் எல்லா உறுப்பையும் கனமாக்குவது எளிய வழி. அது மிகச் செலவான வழியும்கூட.

கற்பனைப்பளு முறையில் ஒவ்வொரு உறுப்பும் உச்சியின் சாய்வுக்கு எத்தனை மி.மீ. தருகிறது என்று தனித்தனியே காணலாம். உகந்த நிலையில், ஒரு கிலோ எஃகுக்கு ஒவ்வோர் உறுப்பும் தரும் சாய்வு சமமாக இருக்கும். சமமில்லையென்றால், குறைவாகத் தரும் உறுப்பிலிருந்து எடுத்து அதிகமாகத் தரும் உறுப்பில் சேர்க்கலாம்.

சிறிய எண்ணில் பார்ப்போம். ஒரே எடையுள்ள இரண்டு உறுப்புக் கூட்டங்கள்; ஒன்று 40 மி.மீ. சாய்வு தருகிறது, மற்றது 10. மொத்தம் 50. எடையை ஒன்று, ஒன்று என்று வைக்காமல் 1.2, 0.6 என்று மாற்றினால் சாய்வுகள் 33.3, 16.7 ஆகும். மொத்தம் அதே 50 மி.மீ. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. விசைகள் மாறாத சட்டகத்துக்கு இது துல்லியம். மாறும் சட்டகத்தில் மூன்று நான்கு சுற்று திரும்பச் செய்ய வேண்டும். எந்த உறுப்பு எதற்காக நிற்கிறது என்பதைப் பொறியாளர் கண்ணால் பார்க்க வைப்பதால், இந்த முறையையே மாணவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டும் என்பேன்.

6. கணக்கு வழிகள்

1960இல் லூசியன் ஷ்மிட் நேரியல்லாத் திட்டமிடலைக் கட்டமைப்புக்குக் கொண்டுவந்தார். 1964இல் டோர்ன், கோமொரி, கிரீன்பெர்க் மூவரும் எல்லாப் புள்ளிகளையும் எல்லாப் புள்ளிகளோடும் இணைத்துவிட்டுத் தேவையில்லாத உறுப்புகளைக் கழிக்கும் முறையைத் தந்தார்கள். 1988இல் பெண்ட்சோவும் கிக்குச்சியும் பொருளே எங்கே இருக்க வேண்டும் என்று தேடும் முறையை முன்வைத்தார்கள். சந்தையில் கிடைக்கும் உத்திரங்கள் தனித்தனி அளவுகளாக இருப்பதால் தேடல் கடினமாகிறது. இருபது கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது தேர்வு என்றால் சேர்க்கைகள் ஒன்றுக்குப் பின் 34 பூச்சியங்கள் அளவுக்கு வரும். மரபணு வழிமுறை போன்றவை இங்கேதான் பயன்படுகின்றன. அவை தரும் விடை நல்லதாக இருக்கலாம். மிகச் சிறந்ததென்ற உத்தரவாதம் கிடையாது.

7. அமுக்கமும் இணைப்பும்

இழுவையில் உள்ள உறுப்பு தோல்வியடையும் முன் நீண்டு காட்டும். உத்திரம் தொய்ந்து காட்டும். அமுக்கத்தில் உள்ள மெல்லிய உறுப்போ பெரும்பாலும் எச்சரிக்கையின்றி நெளிந்துவிடும். அதன் தாங்குதிறன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நடுவில் ஒரு தாங்கல் இருப்பதாக நம்பிக் கணக்கிட்டு, அந்தத் தாங்கல் வேலை செய்யாமல் போனால், ஆய்லர் கணக்கில் திறன் கால்பங்காகும்.

ஹார்ட்ஃபோர்டில் நடந்தது இதுதான். மேல்வரிசை உறுப்புகள் நடுவில் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கணினிக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் பிடிக்க வேண்டிய உறுப்புகள் அந்த மேல்வரிசை உறுப்புகளின் அச்சில் சேராமல் கீழே தள்ளிச் சேர்ந்திருந்தன. கணினி பிழை செய்யவில்லை. கொடுத்த மாதிரி கட்டடத்தோடு ஒத்துப்போகவில்லை. கட்டும்போதே கூரை கணித்ததைவிட இரு மடங்கு தொய்ந்தது. அந்த அளவீட்டை யாரேனும் பொருட்படுத்தியிருந்தால் கூரை நின்றிருக்கக்கூடும்.

அமுக்க உறுப்புகளில் சிக்கனம் ஆபத்தாவதற்கு ஆழமான ஒரு கோட்பாட்டுக் காரணமும் உண்டு. பல வகைத் தோல்விகளும் ஒரே பளுவில் வரும்படி அமைப்பதே சிக்கனம் என்று ஒரு கருத்து நெடுநாள் இருந்தது. ஒன்று மற்றதைவிட வலுவாக இருந்தால் அது வீண் என்பது அதன் தர்க்கம். டெல்ஃப்ட்டில் கொய்ட்டர் 1945இல் அளித்த ஆய்வேட்டின் வழிவந்து, 1970களில் மைக்கேல் தாம்சனும் பிறரும் இதை மறுத்தார்கள். இரண்டு நெளிவுகள் ஒரே பளுவில் சந்திக்கும்போது அவை ஒன்றையொன்று தூண்டக்கூடும். அப்படிப்பட்ட உறுப்பில், தொழிற்சாலையில் இயல்பாக வரும் சில மி.மீ. கோணல்கூடத் திறனைப் பெரிதாகக் குறைத்துவிடும். காகிதத்தில் மிக உகந்தது, களத்தில் மிக நொய்ந்தது. உகப்பாக்க மென்பொருளுக்குக் கோணலையும் உள்ளீடாகக் கொடுக்காதவரை, அது நம்மை இந்த நொய்ந்த முனைக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

இணைப்பில் செய்யும் சிக்கனம் பற்றி நியூயார்க் சிட்டிகார்ப் கட்டடம் சொல்கிறது. 1977இல் முடிந்த அந்த 59 மாடிக் கட்டடத்தின் தூண்கள் மூலைகளில் இல்லாமல் முகப்புகளின் நடுவில் நின்றன. வெல்டிங் செய்யவேண்டிய இணைப்புகளுக்குப் பதில், மலிவென்று போல்ட் போடப்பட்டது. மூலைப்பக்கமாக வீசும் காற்றில் அந்த இணைப்புகள் போதாதென்று வடிவமைத்த வில்லியம் லெமெசூரியரே 1978இல் கண்டறிந்து சொன்னார். இரவு நேரங்களில் ஐந்து செ.மீ. தடிமனுள்ள தகடுகளை வெல்டிங் செய்து அவற்றை வலுப்படுத்தினார்கள்.

1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்திரமும் தூணும் சேரும் வெல்டிங் வெடித்திருந்தது. நெகிழ்ந்து ஆற்றலை உட்கொள்ளும் என்று நம்பிய இடம், கண்ணாடி போல உடைந்திருந்தது. அதன்பின் பரவலான தீர்வுகளில் ஒன்று உகப்பாக்கம் படிப்பவர் எல்லோரும் அறியவேண்டியது. தூணிலிருந்து சற்றுத் தள்ளி உத்திரத்தின் பட்டைகளை இருபுறமும் வளைவாக வெட்டி எடுத்துவிட்டார்கள். நெகிழ்வு அந்த மெலிந்த இடத்துக்கு நகர்ந்தது, வெல்டிங் தப்பியது. எஃகை நீக்கியதால் பாதுகாப்பு கூடிய எடுத்துக்காட்டு இது. நீக்கியது உத்திரத்தில், காத்தது இணைப்பை.

8. நம் களத்துக்கு

ஐ.எஸ். 800 விதிநூலின் 2007 பதிப்பு, அனுமதித் தகைவு முறையிலிருந்து எல்லைநிலை முறைக்கு நம்மை மாற்றியது. அதன் உருவாக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நிலநடுக்கம் தாங்கும் சிறப்புச் சட்டகங்களில், மூட்டில் சேரும் தூண்களின் திறன் உத்திரங்களின் திறனைப்போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இக்கட்டுரையின் வாதத்தை விதியாகவே எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் இன்று தமிழ்நாட்டில் எழும் எஃகுக் கட்டடங்களில் மிகப் பல, தொழிற்சாலையில் முன்தயாரித்து வந்து பூட்டப்படும் கொட்டகைகள்: ஆலைகள், கிடங்குகள், திருமண மண்டபங்கள். திருப்புமை எங்கே கூடுகிறதோ அங்கே ஆழமாகவும் குறைகிற இடத்தில் ஒல்லியாகவும் தகடுகளை வெட்டி வெல்டிங் செய்த சட்டகங்கள் அவை. எடை உகப்பாக்கம் மிகத் தீவிரமாக நடக்கும் துறை இதுதான். போட்டி கிலோவில் நடக்கிறது.

அந்தக் கூரைச் சட்டத்தின் கீழ்ப்பட்டை, சாதாரணப் பளுவில் நடுப்பகுதியில் இழுவையில் இருக்கும், கவலையில்லை. சென்னைக்கு விதிநூல் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். புயற்காற்று இலேசான கூரையை மேல்நோக்கி இழுக்கும்போது, அதே கீழ்ப்பட்டை அமுக்கத்துக்கு மாறுகிறது. அப்போது அதை நெளியாமல் பிடிப்பது, கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லின் சட்டத்திலிருந்து கீழ்ப்பட்டைக்குச் சாய்வாகப் போகும் சிறிய ஆங்கிள் துண்டுகள் மட்டுமே. கணக்கில் அவை இருக்கும். பூட்டும் இடத்தில், துளை பொருந்தவில்லை, குழாய் தடுக்கிறது என்று எளிதாக விட்டுவிடக்கூடிய துண்டுகளும் அவைதான். விட்டால் ஹார்ட்ஃபோர்டின் மாதிரியும் உண்மையும் பிரிந்த அதே நிலை.

கட்டடம் எழுப்பும் உரிமையாளர்களுக்கும் களப் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெண்டரில் கிலோ விலையை ஒப்பிடும்போது, உத்திரத்தில் குறைத்தது எவ்வளவு, தூணிலும் தாங்கலிலும் இணைப்பிலும் குறைத்தது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். முதலாவதை வரவேற்கலாம், இரண்டாவதற்கு எழுத்தில் காரணம் வாங்க வேண்டும். கூரைத் தகடு ஏறுவதற்கு முன்பே, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆங்கிள் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள்.